பெரியப்பாவின் ரத்த அறிக்கையில் ஒரு தைவான் பாம்பு

பெரியப்பாவுக்குச் சாயங்காலமானால் இடது கண் இமை இறங்கிவிடும். காலையில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ராத்திரி செய்தி பார்க்கும்போது வாசிப்பவர் இரண்டு பேராகத் தெரிகிறார் என்பார். கண்ணில்தான் கோளாறு என்று கண்ணாடியை மாற்றிப் பார்த்தார்கள். அப்புறம் சாப்பிடும்போது பாதியிலேயே தாடை ஓய ஆரம்பித்ததும் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சில நாள் கழித்து முடிவு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரே வரிதான். அசிட்டைல்கோலின் ரிசப்டர் ஆன்டிபாடி, லிட்டருக்கு 7.4 நானோமோல். 0.5க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.

மயஸ்தீனியா கிராவிஸ். நம் உடலின் எதிர்ப்பு சக்தியே, ஆன்டிபாடி என்ற தற்காப்புப் புரதங்களை அனுப்பி, தசையில் இருக்கும் ஏற்பிகளை எதிரி என்று எண்ணித் தாக்கும் நோய். நரம்பு 'சுருங்கு' என்று சொல்ல அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அனுப்புகிறது. தசையின் மேல்பரப்பில் அதை வாங்கிக்கொள்ள இருக்கும் புரதம்தான் ஏற்பி, மருத்துவர்கள் வாயில் ரிசப்டர். அது குறைந்தால், நரம்பு கத்தினாலும் தசைக்குக் கேட்காது. அசிட்டைல்கோலின் சீக்கிரம் உடைந்துபோகாமல் காக்கும் பிரிடோஸ்டிக்மின் மாத்திரை எழுதினார்கள், நெஞ்சுக்குள் தைமஸ் சுரப்பியை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கதை நல்லபடியாகவே போய்க்கொண்டிருக்கிறது. நான் எழுத வந்தது அந்த 'நானோமோல்' பற்றி.

வேதியியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவன் நான். ஆனாலும் அலகைப் பார்த்தால் உறுத்தும். ஆன்டிபாடி என்பது ஒரே அச்சில் வார்த்த மூலக்கூறு இல்லை. ஒரே நோயாளியின் ரத்தத்திலேயே பலவகை இருக்கும். ஒன்று ஏற்பியின் இந்தப் பக்கத்தைப் பிடிக்கும், இன்னொன்று அந்தப் பக்கத்தை. இதை எப்படி மோல் கணக்கில், அதாவது மூலக்கூறுகளை எண்ணும் அலகில், சொல்கிறார்கள்? எதை எண்ணுகிறார்கள்?

எண்ணுவது பாம்பு விஷத்தை.

முறை இதுதான். மனிதத் தசையின் ஏற்பிகளைக் கரைசலாக எடுத்துக்கொள்கிறார்கள். கதிரியக்க அயோடின் ஒட்டிய ஒரு பாம்பு நச்சை அதில் கலக்கிறார்கள். நச்சு போய் ஏற்பியில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நோயாளியின் ரத்தநீரைச் சேர்க்கிறார்கள். அதில் ஆன்டிபாடி இருந்தால், நச்சோடு சேர்ந்த ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். அந்த மொத்தக் கூட்டத்தையும் அடியில் படிய வைத்து, படிவில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளக்கிறார்கள். ஒரு லிட்டர் ரத்தநீர் எத்தனை நானோமோல் நச்சைக் கீழே இழுத்து வந்தது என்பதுதான் அந்த 7.4. இன்று எல்லா ஆய்வகங்களும் கதிரியக்கத்தைத் தொடுவதில்லை, வேறு முறைகளும் வந்துவிட்டன. ஆனால் அந்த அலகு பிறந்தது இங்கேதான்.

பெரியப்பாவிடம் சொன்னேன். "என்னடா சொல்ற, என் ரத்தத்துல பாம்பு விஷத்தக் கலந்தாங்களா?" என்றார். "ஆமா பெரியப்பா, டியூப்ல இருக்கறப்பதான், உங்க உடம்புல இல்ல" என்றேன். அவருக்கு அதில் ஒரே பெருமை. வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பாம்பு நம் ஊர்க்காரன் இல்லை, ஆனால் உறவுக்காரன். தைவானிலும் தென் சீனாவிலும் வாழும் பட்டைக் கட்டுவிரியன். நம் வயல்வெளிக் கட்டுவிரியனின் பேரினம்தான். கறுப்பு வெள்ளைப் பட்டை மட்டும் இன்னும் அகலம். 1963இல் தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் சாங் சுவான்-சியுங், லீ சென்-யுவான் என்ற இரு மருந்தியலாளர்கள் அதன் விஷத்தை மாவுச்சத்துப் படுகையில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தார்கள். ஒரே விஷம் என்று நினைத்தது தனித்தனி நச்சுகளாகப் பிரிந்தது. பீட்டா வகை நரம்பின் முனையையே கெடுத்து, செய்தி கிளம்பவிடாமல் செய்கிறது. ஆல்ஃபா வகை நரம்பைத் தொடுவதே இல்லை. செய்தி ஒழுங்காகக் கிளம்புகிறது, வந்து சேருகிறது, ஆனால் தசைப் பக்கத்தில் வாங்குகிற இடம் அடைபட்டுக் கிடக்கிறது. ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 74 அமினோ அமிலங்கள், ஐந்து கந்தகப் பாலங்கள். அவ்வளவு சின்னது.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய அந்தக் காலத்து மருந்தியலின் சங்கடம் தெரிய வேண்டும். கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி 1905லேயே, தசையில் நிக்கோட்டினையும் கியூரார் என்ற அம்பு விஷத்தையும் வாங்கிக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று எழுதிவிட்டார். அதன்பிறகு அறுபது ஆண்டுகள் எல்லோரும் ஏற்பி, ஏற்பி என்றே பேசினார்கள். வரைபடம் போட்டார்கள், சமன்பாடு எழுதினார்கள். ஆனால் யாரும் அதைக் கையில் பிடித்ததில்லை. அப்படி ஒரு பொருள் நிஜமாகவே உண்டா, கணக்குச் சரிவர நாமே வைத்துக்கொண்ட கற்பனையா என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். பிடிக்க முடியாததற்குக் காரணம் எளிது. அசிட்டைல்கோலின் ஏற்பியைத் தொட்டுவிட்டு அடுத்த கணமே விலகிவிடும், பக்கத்தில் காத்திருக்கும் நொதி அதை உடைத்தும் விடும். தசையை அரைத்துக் கரைத்தால், ஆயிரக்கணக்கான புரதங்களில் எது ஏற்பி என்று காட்டிக்கொடுக்க ஆளில்லை.

ஆல்ஃபா பங்காரோடாக்சின் அப்படி விலகுகிற ரகம் இல்லை. தசை ஏற்பியில் உட்கார்ந்தால் நாள்கணக்கில் எழுந்திருக்காது. வேறு எதையும் அனேகமாகச் சீண்டாது. வாக்குச்சாவடியில் விரலில் வைக்கிற மையை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு வைத்தோமோ அவர்களிடம் மட்டும் இருக்கும், கழுவினாலும் போகாது, பிறகு நிதானமாக எண்ணிக்கொள்ளலாம்.

ஆனால் வெறும் நச்சுக்கு நிறம் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் அதை மாற்ற வேண்டி வந்தது. அந்தப் புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் வளையத்தில் ஒரு கதிரியக்க அயோடின் அணுவை ஏற்றலாம். அயோடின்-125க்கு அரை ஆயுள் ஏறக்குறைய 60 நாள், ஆய்வகத்துக்கு வசதியான அளவு. ஒளிரும் சாயத்தை ஒட்டலாம், பயோட்டினை ஒட்டலாம். இதில்தான் கைத்திறன் வேண்டும். இந்த நச்சின் வடிவத்தை மூவிரல் என்பார்கள். மூன்று சுற்றுகள் விரல்போல நீண்டிருக்கும், நடுவிரல்தான் ஏற்பியின் குழிக்குள் நுழைகிறது. அந்த விரலைக் கெடுக்காமல் வேறெங்காவது அடையாளத்தை மாட்ட வேண்டும். அளவுக்கு மீறி அயோடின் ஏற்றினால் பிடிமானம் போய்விடும். விஷத்தின் வீரியத்தை அப்படியே காப்பாற்றிக்கொண்டு அதன் முதுகில் ஒரு விளக்கைக் கட்டுவது என்பது கேட்பதற்கு எளிது, அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல், ஏற்பியை மொத்தமாக எங்கே வாங்குவது? தசையில் அது நரம்பு தொடுகிற சின்னஞ்சிறு இடத்தில் மட்டுமே உண்டு. விடை மீனில் கிடைத்தது. தென் அமெரிக்க ஆறுகளின் மின்விலாங்கும், கடலின் மின் திருக்கையும் ஷாக் அடிக்கும் உறுப்பில் இந்த ஏற்பியை அடுக்கடுக்காகக் குவித்து வைத்திருக்கின்றன. 1970இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ழான்-பியர் ஷாஞ்ஜே, கசாய், நச்சைத் தந்த தைவானின் லீ ஆகிய மூவரும் மின்விலாங்கின் உறுப்பிலிருந்து ஏற்பிப் புரதத்தை இனம்கண்டு சொன்னார்கள். லாங்லியின் ஊகத்துக்கு உடம்பு கிடைத்தது. நரம்பியலில் இதற்கு இணையான தருணங்கள் குறைவு என்பது என் கருத்து. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள் என்பது என் குறை.

பிறகு நடந்தது எதிர்பாராத திருப்பம். 1973இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஜிம் பாட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மின்விலாங்கு ஏற்பியை முயல்களுக்கு ஊசி போட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி, ஆராய்ச்சிக் கருவியாக. முயல்கள் தலை தொங்கிச் சுருண்டு விழுந்தன. மயஸ்தீனியா நோயாளிகளுக்குக் கொடுக்கிற மருந்தைக் கொடுத்தால் எழுந்தன. மயஸ்தீனியாவின் அடிப்படை என்ன என்ற நெடுநாள் கேள்விக்கு விடை முயல் கூண்டில் கிடந்தது.

அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் டேனியல் டிராக்மன், ஃபாம்ப்ரோ, சத்யமூர்த்தி ஆகியோருடன் சேர்ந்து மயஸ்தீனியா நோயாளிகளின் தசைத் துணுக்குகளில் கதிரியக்கப் பங்காரோடாக்சினைச் சேர்த்து எண்ணினார். நரம்பு தொடும் ஒவ்வொரு இடத்திலும் ஏற்பிகள் ஆரோக்கியமானவர்களுக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவரை, கோளாறு நரம்புப் பக்கத்திலா தசைப் பக்கத்திலா என்று பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. எண்ணிக் காட்டியதும் முடிந்தது. 1976இல் லிண்ட்ஸ்ட்ராம் குழு ரத்தப் பரிசோதனையாக மாற்றியதுதான் பெரியப்பாவுக்குச் செய்த பரிசோதனையின் மூதாதை. உடல் முழுக்கப் பரவிய மயஸ்தீனியாவில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இது பாசிட்டிவாக வரும். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் உதவும். அந்த எண்ணின் அளவுக்கும் நோயின் தீவிரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 2 உள்ளவர் மூச்சுத் திணறி ஐசியூவில் இருக்கலாம், 50 உள்ளவர் மார்க்கெட்டுக்கு நடந்து போய் வரலாம். மாதாமாதம் எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

கட்டுவிரியன் கடித்தவருக்கும் முதலில் இறங்குவது இமைதான் என்பதைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, விடிவதற்குள் இமை தூக்க முடியாமல் போய், பேச்சு குழறி, மூச்சும் நிற்கும். பெரியப்பாவின் உடல் மாதக்கணக்கில் மெல்லச் செய்ததைப் பாம்பு ஓரிரவில் செய்துவிடுகிறது. இதே காரணத்தால், ஏற்பியை அடைக்கும் நல்லபாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்தோடு, பிரிடோஸ்டிக்மினின் உறவான நியோஸ்டிக்மினும் கொடுப்பதுண்டு. கட்டுவிரியன் கடிக்கு அது பெரிதாக உதவாது. அங்கே பீட்டா வகை நச்சு நரம்பு முனையையே கெடுத்துவிடுவதால், காப்பாற்றிக் கொடுக்க அசிட்டைல்கோலினே இருக்காது.

சரி, இதையெல்லாம் தாண்டிக் கீரி எப்படிப் பிழைக்கிறது? பாம்போடு சண்டை போடும்போது நடுவில் ஓடிப்போய் ஏதோ பச்சிலையைக் கடித்துவிட்டு வரும் என்று பாட்டி சொல்வார். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சாரா ஃபுக்ஸ் குழு 1992இல் கீரியின் ஏற்பியையே பிரித்துப் பார்த்தது. நச்சின் விரல் நுழைய வேண்டிய இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. அதில் ஒரு மாற்றம், அங்கே ஒரு சர்க்கரைச் சங்கிலி தொங்க இடம் கொடுக்கிறது. பங்காரோடாக்சின் உட்கார முடியவில்லை, ஆனால் கீரியின் சொந்த அசிட்டைல்கோலின் சிரமமில்லாமல் நுழைந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், நல்லபாம்பும் தன் விஷத்தால் தானே சாகாமல் இருக்க இதே தந்திரத்தைத்தான் வைத்திருக்கிறது. அதற்குச் சர்க்கரை இரண்டு இடம் தள்ளித் தொங்குகிறது. பரம எதிரிகள் இருவருக்கும் ஒரே கவசம். இது நரம்பு நச்சுக்கு எதிரான கவசம் மட்டும்தான். மற்றபடி கீரியைக் காப்பாற்றுவது அதன் வேகம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு ஆராய்ச்சியாளர்கள் தலைகீழாக யோசித்தார்கள். நச்சை மாற்றியது போதும், நச்சு உட்காரும் இடத்தை வேறு ஏற்பிகளில் பொருத்தினால் என்ன? பங்காரோடாக்சின் இறுக்கமாகப் பிடிக்கும் 13 அமினோ அமிலத் துண்டு ஒன்று கைவசம் இருந்தது. 2004இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ரிச்சர்ட் ஹூகனிர் ஆய்வகம், நினைவாற்றலோடு தொடர்புள்ள ஆம்பா வகை ஏற்பியில் அந்தத் துண்டை ஒட்டவைத்தது. இந்த ஏற்பிகள் மூளை நரம்புச் செல்லின் மேல்பரப்புக்கு வருவதும் உள்ளே போவதுமாக இருக்கும். சாயம் ஒட்டிய நச்சு செல்லுக்குள் நுழையாது. ஆக வெளியே நிற்கும் ஏற்பிகள் மட்டும் ஒளிரும், எது எப்போது உள்ளே போகிறது என்று உயிருள்ள செல்லிலேயே பார்க்கலாம். தைவான் வயலில் எலியையும் விலாங்கையும் மடக்க உருவான பொருள், மூளை செல்லின் போக்குவரத்தைக் கண்காணிக்கிறது.

இப்போது மருந்து. 'பாம்பு விஷத்தில் மருந்து' என்று செய்தி வந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே வந்துவிடும். பொய் இல்லை. பிரேசில் விரியன் ஒன்றின் விஷத்திலிருந்து கிடைத்த துப்பை வைத்துத்தான் ரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில் உருவானது. நம் ஊரிலும் உள்ள சுருட்டைவிரியனின் விஷப் புரதத்தைப் பார்த்து வடிவமைத்ததுதான் மாரடைப்பில் கொடுக்கிற டைரோஃபிபான். ஆனால் இவை ரத்தம் சம்பந்தப்பட்ட மருந்துகள். நரம்பு ஏற்பிகள், நரம்பின் அயனி வாயில்கள் (கால்சியம், பொட்டாசியம் போன்ற மின்னூட்டத் துகள்கள் போய்வரும் புரத வழிகள்) பக்கம் வந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது.

அங்கே நட்சத்திரம் கூம்பு நத்தைதான். பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமெரோ ஒலிவேரா, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இந்த நத்தைகளின் விஷத்தைப் பிரித்துப் பார்த்தார். அவரிடம் வேலை செய்த மாணவர்கள் நச்சுகளை ஒவ்வொன்றாகச் சுண்டெலி மூளையில் செலுத்தினார்கள். ஒன்று தூங்க வைத்தது, ஒன்று நடுங்க வைத்தது. பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு வந்திருந்த மைக்கேல் மெக்கின்டாஷ் பிரித்தெடுத்த அந்த நடுக்க நச்சுதான் பின்னால் சிகோனோடைட் என்ற வலி மருந்தானது. 2004 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல். தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கடத்தும் ஒரு கால்சிய வாயிலை அது மூடுகிறது. மார்ஃபின்போல அடிமையாக்காது. ஆனால் முதுகுத்தண்டு நீருக்குள் குழாய் வைத்துப் பம்பு மூலம்தான் செலுத்த முடியும், அளவு கொஞ்சம் தாண்டினால் மனக்குழப்பம், மாயத்தோற்றம். கடைசி வழியாகத்தான் மருத்துவர்கள் கையில் எடுக்கிறார்கள்.

இன்னொரு கூம்பு நத்தை நச்சு, ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தது, எலிகளில் வலியை அழகாகக் குறைத்தது. மனித ஏற்பியில் சோதித்தால் வீரியம் போதவில்லை, 2007இல் மருந்து முயற்சி நின்றது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரெய்க் அதே நச்சின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கினார். வயிற்று நொதிகளுக்குப் பிடித்துக் கடிக்க முனை இல்லாததால், எலிக்கு வாய் வழியாகக் கொடுத்தாலும் வேலை செய்தது. அருமையான வேதியியல். மருந்துக் கடைக்கு வந்தபாடில்லை.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. விஷம் உருவானது இரையை நொடியில் சாய்க்க. முழுசாக அடைக்க வேண்டும், விடவே கூடாது. மருந்துக்கு வேண்டியது கொஞ்சமாக அடைப்பது, வேண்டும்போது விடுவது, ரத்தத்தில் நொறுங்காமல் சரியான இடம் போய்ச் சேருவது. ஒன்றை இன்னொன்றாகத் திருப்புவது மலையைப் புரட்டுகிற வேலை. ஆனால் அளவுகோலுக்கு வேண்டிய குணம், போய் ஒட்டினால் விடக்கூடாது என்பதுதான். அது விஷத்தின் பிறவிக்குணம். பங்காரோடாக்சின் ஒருநாளும் மாத்திரையாகாது. ஆனாலும் 2021 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எஃப்கார்டிஜிமாட் என்ற புது மயஸ்தீனியா மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விஷச் சங்கதி எதுவும் இல்லை, ஆன்டிபாடிகளை ரத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஏற்பி ஆன்டிபாடி பாசிட்டிவ் ஆனவர்களுக்கு என்றுதான் அந்த ஒப்புதல். யார் பாசிட்டிவ் என்பதை முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தப் பாம்பு.

இதே உத்தியை மற்ற நோய்களுக்கும் நீட்டினார்கள். லாம்பர்ட்-ஈட்டன் என்று மயஸ்தீனியாவுக்கு ஒரு பங்காளி நோய் உண்டு, அதில் தாக்கப்படுவது நரம்பு முனையின் கால்சிய வாயில். அதைக் கண்டுபிடிக்க அயோடின் ஏற்றிய கூம்பு நத்தை நச்சு, நன்றாகவே உழைக்கிறது. பொட்டாசிய வாயிலுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேட ஆப்பிரிக்க மாம்பாவின் டென்ட்ரோடாக்சினை எடுத்தார்கள், அங்கேதான் வழுக்கியது. திடீர் மறதி, வலிப்பு, குழப்பம் என்று வந்த பலருக்குப் பரிசோதனை பாசிட்டிவ். பொட்டாசிய வாயில் நோய் என்று எழுதி, அதற்கேற்ப வைத்தியமும் செய்தார்கள். 2010இல்தான் தெரிந்தது, அவர்களில் பெரும்பாலோரின் ஆன்டிபாடி வாயிலைத் தொடுவதே இல்லை. வாயிலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எல்ஜிஐ1, காஸ்பர்2 என்ற பக்கத்துப் புரதங்களைப் பிடித்திருக்கிறது. கரைசலில் எல்லாம் ஒரே கொத்தாகக் கீழே வந்ததால், மாம்பா நச்சு உட்கார்ந்த இடத்தையே குற்றவாளி என்று எண்ணிவிட்டார்கள். நச்சு தான் ஒட்டிய இடத்தைத்தான் சொல்லும், ஆன்டிபாடி ஒட்டிய இடத்தை அல்ல. இந்த இரண்டு புரதத்துக்கும் ஆன்டிபாடி இல்லாமல் மாம்பா பரிசோதனை மட்டும் பாசிட்டிவாக வந்தவர்களில் பலருக்கு அந்த முடிவுக்கு நோய் ரீதியாக அர்த்தமே இல்லை என்றும் பின்னர் தெரிந்தது. இப்போது பல ஆய்வகங்கள் அந்தப் பழைய பரிசோதனையைக் கைவிட்டு, இரண்டு புரதங்களையும் செல்களில் வைத்துத் தனித்தனியாகத் தேடுகின்றன. உங்கள் வீட்டுப் பழைய ஃபைலில் விஜிகேசி (அந்தப் பொட்டாசிய வாயில் பரிசோதனையின் சுருக்கப் பெயர்) பாசிட்டிவ் என்று ஒரு தாள் இருந்தால், எல்ஜிஐ1, காஸ்பர்2 பார்த்தாயிற்றா என்று நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.